எக்ஸ்போர்ட் பாதியில் நின்றால் முதலில் எங்கே பார்ப்பது?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் மோஷன் கிராபிக்ஸ் வேலை செய்கிறவர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். பட்டாபிஷேகம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று வரிசையாக வரும். மண்டகப்படிக்காரர்களுக்கு வரவேற்பு வீடியோ, மேடைக்கு எல்இடி வால் லூப், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு மோஷன் போஸ்டர், எல்லாமே நாளைக் காலைக்குள் வேண்டும். அது முடிவதற்குள் வைகாசி முகூர்த்தங்கள் வந்துவிடும். இந்த மாதிரி ராத்திரியில்தான் எக்ஸ்போர்ட் 73 சதவீதத்தில் நின்று, புரியாத எண்களோடு ஒரு பெட்டி திரையில் எட்டிப் பார்க்கும்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் உடனே மறுபடி எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துவார்கள். அதுவும் நின்றால் ரீஸ்டார்ட். அதுவும் பலிக்காவிட்டால் சாஃப்ட்வேரையே அழித்துவிட்டு மறுபடி போடுவது. ரீஸ்டார்ட் செய்ததும் சில நேரம் சரியாகிவிடும் என்பதுதான் இதில் வம்பு. ஏன் நின்றது, ஏன் சரியானது என்று இரண்டுமே தெரியாமல் போய்விடுகிறது.

எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தியதும் உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது ரெண்டர். உங்கள் லேயர்கள், எஃபெக்ட்கள், எழுத்துகள், கேமரா நகர்வு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு முழுப் படமாக வரைவது. இரண்டாவது என்கோட். வரைந்த படங்களைச் சுருக்கி, ஒலியையும் சேர்த்து, எம்பி4 போன்ற ஒரே ஃபைலாக வட்டில் எழுதுவது. பரோட்டா கடையில் கல்லில் நிற்கும் மாஸ்டரும் வாசலில் பார்சல் கட்டுகிறவரும் வேறு வேறு ஆள் இல்லையா, அது போலத்தான். பரோட்டா கருகினால் பார்சல்காரரைத் திட்டிப் பயனில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர், டாவின்சி ரிசால்வ் என்று எந்தச் சாஃப்ட்வேரானாலும் இந்த இரண்டு வேலைகளும் உண்டு. பிழை எந்த வேலையில் விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கண்டுபிடிக்க ஒரு நேரடி வழி இருக்கிறது. எம்பி4 ஆக எடுக்காமல், அதே காம்ப்பை (லேயர்களை அடுக்கி வைத்திருக்கும் காம்போசிஷனை) பிஎன்ஜி சீக்வென்ஸாக எடுத்துப் பாருங்கள். அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம். நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 40 நொடி டைட்டில் என்றால் ஃபோல்டரில் 1000 படங்கள் விழும். ஆயிரமும் ஒழுங்காக விழுந்துவிட்டால் ரெண்டரில் கோளாறு இல்லை. என்கோடிலோ, ஃபைலை எழுதும் இடத்திலோதான் சிக்கல். 611 படத்தோடு நின்றுவிட்டால் 612ஆவது ஃபிரேமில் ஏதோ இருக்கிறது.

இந்த முறைக்கு இன்னொரு பெரிய லாபமும் உண்டு. எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பொதுவாகக் கடைசியில்தான் எழுதுவார்கள். அதனால் 95 சதவீதத்தில் கரண்ட் போனால் அந்த 95 சதவீதமும் வீண். ஃபைல் திறக்கவே திறக்காது. பட வரிசையில் அப்படி இல்லை. விழுந்த படங்கள் விழுந்தவைதான். எழுதிக்கொண்டிருந்த கடைசிப் படம் மட்டும் அரைகுறையாக இருக்கலாம், அதை அழித்துவிட வேண்டும். அப்புறம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ரெண்டர் செட்டிங்ஸில் ‘ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால், ஏற்கெனவே இருக்கும் படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இது தேவையில்லை. ராத்திரி முழுக்க ஓடுகிற வேலைக்கு வேறு எந்த முறையையும் நான் சொல்ல மாட்டேன். யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அது கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்க நேரம் தரும், நான்கு மணி நேர ரெண்டரைத் தாங்காது.

சரி, ரெண்டரில்தான் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கேட்க வேண்டியது: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறி மாறி நிற்கிறதா?

ஒரே இடத்தில் நின்றால் குற்றவாளி உங்கள் பிராஜெக்டுக்குள் இருக்கிறான். நொடிக்கு 25 ஃபிரேம் காம்ப்பில், டைம்லைன் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால், 612ஆவது ஃபிரேம் என்பது 24 நொடி 11 ஃபிரேம். டைம்லைனில் அங்கே போய், அந்த நேரத்தில் புதிதாக எந்த லேயர் நுழைகிறது, எந்த எஃபெக்ட் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்: கெட்டுப்போன ஒரு கிளிப், அல்லது மங்கல் (பிளர்) அளவைத் தாறுமாறாக ஏற்றிவிட்ட ஒரு லேயர். படவில்லையா, லேயர்களில் பாதியின் கண் குறியை அணைத்துவிட்டு அந்த ஒரு ஃபிரேமை மட்டும் ரெண்டர் செய்யுங்கள். ஓடினால் குற்றவாளி அணைத்த பாதியில் இருக்கிறான். அந்தப் பாதியில் மறுபடி பாதி. அறுபது லேயர் இருந்தாலும் ஆறு தடவைக்குள் ஒரே லேயரில் வந்து நிற்பீர்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பவருக்கு விடிந்துவிடும்.

சாஃப்ட்வேர் எந்தச் செய்தியும் காட்டாமல் பட்டென்று மூடிக்கொண்டால் எந்த ஃபிரேம் என்றே தெரியாது. அதற்கும் இதே பாதி முறைதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பி, என் விசைகளால் வொர்க் ஏரியாவை (டைம்லைனில் எக்ஸ்போர்ட் ஆகும் பகுதியை) முதல் பாதிக்கு மட்டும் வைத்து எடுத்துப் பாருங்கள், அப்புறம் இரண்டாவது பாதி. ரெண்டர் க்யூவில் (எக்ஸ்போர்ட் வேலைகள் வரிசையாக நிற்கும் பலகை) ‘லாக்’ என்ற இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமின் விவரத்தையும் எழுதச் சொல்லும் வசதியும் இருக்கிறது. எந்த ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அந்தக் குறிப்பு ஃபைலில் பார்க்கலாம். மற்ற ஃபிரேம்கள் ஒரு நொடியில் முடிய, ஒன்று மட்டும் நாற்பது நொடி எடுத்தால் அங்கே போய்த் தோண்ட வேண்டியதுதான். (சோதனைக்கு மாற்றிய வொர்க் ஏரியாவைப் பழையபடி முழு நீளத்துக்கு இழுத்து வைக்க மறக்காதீர்கள். ‘முழுசா எடுத்தேன், எட்டு நொடிதான் வந்திருக்கு’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான்.)

இடம் மாறி மாறி நின்றால் பிராஜெக்டை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்க வேண்டும். ரேம், சூடு, வட்டு என்று சந்தேகப்பட மூன்று பேர்.

ரேம் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து புரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (பின்னால் இருப்பது எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவு) என்று நான்கு எண்கள். 8 பிட் பிராஜெக்டில் எண்ணுக்கு ஒரு பைட். பெருக்கினால் ஒரு ஃபிரேம் சுமார் 8.3 மெகாபைட். பிராஜெக்டை 16 பிட்டுக்கு மாற்றினால் இரு மடங்கு, 32 பிட்டுக்கு மாற்றினால் நான்கு மடங்கு, அதாவது 33 மெகாபைட். இது ஒரு படத்துக்கு. லேயர்களையும் இடையில் எஃபெக்ட்கள் உருவாக்கும் படங்களையும் சேர்த்தால் ஒரு ஃபிரேமை வரையவே பல மடங்கு இடம் தேவைப்படும்.

கல்யாண வீடியோக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போட்டோகிராஃபர் கொடுத்த படம் ஜேபெக்கில் 10 மெகாபைட்தான் இருக்கும், ‘சின்ன ஃபைல்தானே’ என்று தோன்றும். ஆனால் அது 6000க்கு 4000 பிக்சல் படம் என்றால், ரேமில் விரிக்கும்போது 96 மெகாபைட் ஆகிவிடும். 32 பிட் பிராஜெக்டில் 384 மெகாபைட். அப்படி இருபது படங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டு, மேலே நிழலும் மங்கலும் போட்டால், 16 ஜிபி ரேம் உள்ள மெஷின் திணறாமல் என்ன செய்யும்? வட்டில் ஃபைல் எவ்வளவு என்பது ரெண்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு. திரையில் கால்வாசி இடத்தில் வரப்போகிற படத்தை 2500 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வைத்தால் 96 என்பது 17 ஆகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

2021 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒரே நேரத்தில் பல ஃபிரேம்களை வரைகிறது. வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் பல ஃபிரேம்களுக்கும் சேர்த்து ரேம் வேண்டும். நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்தால், பிரிஃபரன்ஸில் ‘மெமரி அண்ட் பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் மல்டி ஃபிரேம் ரெண்டரிங்கை அணைத்து ஒருமுறை ஓடவிடுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும். பின்னால் திறந்து கிடக்கும் ஃபோட்டோஷாப்பையும் இருபது டேப் உள்ள பிரவுசரையும் மூடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிராபிக்ஸ் கார்டுக்கும் சொந்த நினைவகம் உண்டு, அது இன்னும் சிறியது. சந்தேகம் வந்தால் பிராஜெக்ட் செட்டிங்ஸில் ஜிபியு முடுக்கத்துக்குப் பதிலாக ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ தேர்ந்தெடுத்துச் சோதிக்கலாம். அதில் ஓடினால் கார்டின் நினைவகமோ டிரைவரோ காரணம்.

அப்புறம் சூடு. நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி தொடுவது புதிதல்ல. ஷீட் போட்ட மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு உள்ளே இன்னும் கூடுதல். ரெண்டரின்போது பிராசஸர் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். சூடு ஏறினால் அது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். எந்தச் செய்தியும் இல்லாமல் சிஸ்டம் ஆஃப் ஆகிறது, காலையில் ஓடுகிறது மத்தியானம் ஓடவில்லை என்றால், கேபினெட்டைத் திறந்து ஃபேனில் படிந்திருக்கும் தூசியைப் பாருங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ரெண்டர் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

வட்டு விஷயம் எளிது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வரைந்த ஃபிரேம்களைப் பிறகு பயன்படும் என்று டிஸ்க் கேஷில் சேர்த்து வைக்கும். அது இருப்பது பெரும்பாலும் சி டிரைவில். சிவப்புக் கோடு காட்டும் சி டிரைவோடு ரெண்டர் போடாதீர்கள். எடிட் மெனுவில் பர்ஜ் என்பதில் நினைவகத்தையும் டிஸ்க் கேஷையும் சேர்த்துக் காலி செய்யலாம். பழைய கேஷ் கெட்டுப்போய் பிழை தருவதும் உண்டு, ஆகவே இது முதலிலேயே செய்து பார்க்க வேண்டிய ஒன்று.

இனி ரெண்டர் நிற்காது, ஆனால் தப்பாக வரும் சில கோளாறுகள். நமக்கு மட்டுமே உரியது தமிழ் எழுத்து. உங்கள் மெஷினில் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் ‘மீனாட்சி திருக்கல்யாணம்’ என்று அழகாக இருக்கும். நண்பரின் மெஷினில் ரெண்டர் போட்டால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரும். காரணம், பழைய ஃபான்ட்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் உருவம் ஃபான்ட் போடுகிற வேஷம். ஃபான்ட் இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று உண்டு. ‘பெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டோ புள்ளி வட்டத்தோடு தனியாகவோ நின்றால், சாஃப்ட்வேரின் டெக்ஸ்ட் எஞ்சின் இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சின் உங்கள் பதிப்பில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, எழுத்து லேயரைப் புதிதாக உருவாக்கிப் பாருங்கள். அந்த வசதி இல்லாத பழைய பதிப்பானால், பெயரை இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைனாக மாற்றிக் கொண்டுவருவதே நிம்மதி.

வேறு மெஷினுக்குப் பிராஜெக்டை எடுத்துப்போகும்போது ‘கலெக்ட் ஃபைல்ஸ்’ போட்டு எடுத்துச் செல்லுங்கள். படங்களும் வீடியோக்களும் ஒரே ஃபோல்டருக்கு வந்துவிடும். ஃபான்ட்டின் பெயரை மட்டும்தான் அது அறிக்கையில் எழுதும், ஃபான்ட்டை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். படம் வர வேண்டிய இடத்தில் பல நிறப் பட்டைகள் தெரிந்தால் அந்த ஃபைலின் முகவரி தொலைந்துவிட்டது. பென்டிரைவ் நேற்று இ, இன்று எஃப் என்று மாறியிருக்கும். டெம்ப்ளேட் வாங்கித் திறக்கும்போது எஃபெக்ட் இல்லை என்று செய்தி வந்தால் அந்த எஃபெக்டைத் தரும் பிளக்இன் (தனியாகச் சேர்க்கும் துணை சாஃப்ட்வேர்) உங்களிடம் இல்லை. எக்ஸ்போர்ட் தடையில்லாமல் ஓடி முடியும், தீப்பொறி மட்டும் பறக்காது. திறக்கும்போதே படித்துவிடுங்கள், ஓகே அழுத்திவிட்டுப் போகாதீர்கள்.

பிஎன்ஜி எல்லாம் சரியாக விழுந்தும் எம்பி4 மட்டும் வரவில்லை என்றால் நாம் பார்சல் பக்கம் வந்துவிட்டோம். எம்பி4க்குள் வீடியோவைச் சுருக்கும் ஹெச்.264 முறை சில விஷயங்களில் கறார். நாம் வழக்கமாக எடுக்கும் வகையில் நிறத் தகவலை இரண்டுக்கு இரண்டு பிக்சல்களாகச் சேர்த்து வைக்கிறது. ஆகவே அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். காம்ப்பைத் தேவையான பகுதிக்கு வெட்டும்போது 1081 என்றோ 863 என்றோ முடிந்திருந்தால் சில என்கோடர்கள் மறுத்துவிடும். காம்போசிஷன் செட்டிங்ஸில் ஒரு பிக்சலைக் குறைத்தால் போதும்.

இரண்டாவது, அகலம். என்விடியா கார்டுகளின் ஹெச்.264 வன்பொருள் என்கோடர் 4096 பிக்சலுக்கு மேல் போகாது. நீளமான எல்இடி வாலுக்கு 5760க்கு 1080 என்று எடுக்க முயன்றால் இங்கே இடிக்கும். ஹெச்.265க்கு மாறலாம், அல்லது வன்பொருளுக்குப் பதில் சாஃப்ட்வேர் என்கோடிங்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதற்கு முன் எல்இடிக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணே, வால் மொத்தம் எத்தனை பிக்சல்?” பி3.91 என்று சொல்லும் வகையில் அரை மீட்டர் சதுரப் பலகை ஒன்றில் 128க்கு 128 பிக்சல்தான் இருக்கும். அப்படிப்பட்ட பலகைகளால் 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கட்டினால் மொத்தமே 1536க்கு 768. மண்டபம் முழுக்க அடைத்து நிற்கிற திரைதான், ஆனால் முழு ஹெச்டியை விடக் குறைவு. அதற்காக 4கே எடுத்து மெஷினைச் சாகடிக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மூன்றாவது, ஒளி ஊடுருவும் பின்னணி. பெயர்ப் பட்டையை எடுத்து எடிட்டரிடம் கொடுத்தால் கறுப்புப் பின்னணியோடு வருகிறது என்பார். ஹெச்.264இல் நாம் எடுக்கும் எம்பி4க்கு ஆல்ஃபா கிடையாது. அதற்குப் புரோரெஸ் 4444 என்ற வேறொரு வீடியோ முறையில் எடுத்து, அவுட்புட் மாட்யூலில் சேனல் என்ற இடத்தில் ஆர்ஜிபியோடு ஆல்ஃபாவையும் சேர்க்க வேண்டும். புரோரெஸ் 422 என்பதில் ஆல்ஃபா இல்லை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஃபைல் எழுதும்போது பிழை என்று வந்தால், எழுதுகிற இடத்தைப் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் எழுத முடியாது. 64 ஜிபி காலியாக இருந்தாலும் முடியாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் தீரும். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் காப்பி எடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால் பென்டிரைவுக்கு நேரடியாக எக்ஸ்போர்ட் போடவே கூடாது. கம்ப்யூட்டரின் உள் வட்டில் எடுத்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம் காப்பி செய்வதுதான் சரி. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ‘ஃபைனல் ஃபைனல் புதுசு’ என்று போய்க்கொண்டே இருந்தால், விண்டோஸில் முகவரிக்கு வழக்கமாக உள்ள 260 எழுத்து வரம்பில் முட்டும். சோதனைக்கு டி டிரைவில் நேரடியாக ஒரு சின்னப் பெயரில் எடுத்துப் பாருங்கள்.

எக்ஸ்போர்ட் முடிந்து, உங்கள் மெஷினில் அருமையாக ஓடி, மண்டபத்து டிவியில் மட்டும் ‘ஃபார்மட் ஆதரிக்கப்படவில்லை’ என்று வருவதும் உண்டு. ஃபைலில் தப்பில்லை, டிவிக்கு அந்தச் சுருக்கும் முறை தெரியவில்லை. புரோரெஸ்ஸை டிவிகள் பொதுவாக ஓட்டுவதில்லை, 10 பிட் ஹெச்.264ஐயும் அப்படியே. 8 பிட் ஹெச்.264, 1920க்கு 1080, நொடிக்கு 25 ஃபிரேம், ஒலி ஏஏசி, எம்பி4 என்று எடுத்த ஒரு பிரதி அநேகமாக எல்லா டிவியிலும் ஓடும். நொடிக்கு 20 மெகாபிட் வைத்தால் 40 நொடி டைட்டில் 100 மெகாபைட் அளவில் முடியும். சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபேட் பென்டிரைவைப் படிக்காது. இவ்வளவு சின்ன ஃபைலுக்கு ஃபேட்32 பென்டிரைவே போதும். விருந்தினர்கள் வருவதற்கு முன்னால் அந்த டிவியிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.